கேம் ஆட மட்டும் விண்டோஸா? லினக்ஸிலேயே ஆடலாம்... ஒரு கேள்வி கேட்டுவிட்டு!

2025 அக்டோபர் 14-ம் தேதி உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுபோகவில்லை. அன்று காலை பட்டனை அழுத்தியபோதும் வழக்கம்போல விண்டோஸ் 10 வந்தது, பாட்டு பாடியது, மெயில் திறந்தது. ஆனால், அன்றோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஒரு வருட நீட்டிப்பு. அதற்குப் பிறகு தாழ்ப்பாள் இல்லாத வீடு மாதிரிதான்.

'விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். மாறலாம்தான். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ, அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2016-ல், மகள் ப்ளஸ் டூ முடித்த கையோடு தவணையில் வாங்கிய லேப்டாப் இந்த வரிசையில் வராது. கீபோர்டு நன்றாக இருக்கிறது, ஸ்கிரீனில் ஒரு கீறல் இல்லை, ராம்கூட 8 ஜி.பி. இருக்கிறது. இருந்தும் 'தகுதி இல்லை' என்று ஒரு வரி வந்து நிற்கிறது.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் லினக்ஸின் பெயர் அடிபடுகிறது. 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுத ஆரம்பித்தது. இலவசம். நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் இதன் அடித்தளம்தான். இன்டர்நெட், யூடியூப், பேங்க் வேலை, லெட்டர் டைப் செய்வது எல்லாம் நடக்கும். அம்மாவும் அப்பாவும் தலையாட்டிவிடுவார்கள். அப்போது உள்ளே இருந்து ஒரு குரல் வரும்... "அப்போ என் கேம்?"

இருபது வருடங்களுக்கும் மேலாக இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்டுவந்த பதில் ஒன்றுதான். 'டூயல் பூட் போட்டுக்கலாம்!'

ஒரு வீடு, இரண்டு வாசல்

ஒரே ஹார்டு டிஸ்க்கை இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் விண்டோஸையும் மறுபக்கம் லினக்ஸையும் குடிவைப்பதுதான் டூயல் பூட். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் 'எதற்குள் போக வேண்டும்?' என்று ஒரு பட்டியல் வந்து கேட்கும். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகள் கைக்கு வந்த கம்ப்யூட்டர்களில் விண்டோஸும், சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் யோசிக்காமல் விண்டோஸை அழுத்திப் பழகியவர்கள் இப்போது முப்பது வயதை நெருங்கியிருப்பார்கள்.

கேட்கும்போது நியாயமான ஏற்பாடாகத்தான் தெரியும். குடியிருந்து பார்த்தால்தான் தொல்லை புரியும்.

முதலில் கடிகாரம். மதர்போர்டில் ஒரு குட்டி பேட்டரியின் தயவில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. விண்டோஸ் அதில் நம் ஊர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸோ உலகப் பொது நேரத்தை எழுதி வைத்துவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். லினக்ஸில் வேலை முடித்துவிட்டு காலை 10 மணிக்கு விண்டோஸுக்குள் போனால், அது விடிகாலை 4.30 என்று காட்டும். நேரம் தப்பாக இருந்தால் பேங்க் தளங்கள் திறக்க மறுக்கும். 'வைரஸ் வந்துடுச்சு' என்று லேப்டாப்பை சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். லினக்ஸில் ஒரே ஒரு வரிக் கட்டளையில் தீர்கிற விஷயம் இது!

அடுத்தது தூக்கம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கும் விண்டோஸ், ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாகத் தூங்குவதில்லை. அடுத்த முறை சட்டென்று எழுந்துகொள்ள வசதியாக ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பக்கத்து ஃபைலில் ஏதாவது திருத்தப் போனால், 'பார்க்கலாம், எழுத முடியாது' என்று கையைத் தட்டிவிடும்.

இதெல்லாம் சின்ன உரசல்கள். 2024 ஆகஸ்டில் நடந்தது பெரிய சண்டை. அந்த மாதம் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, டூயல் பூட் வைத்திருந்த பலருடைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் பக்கம் திறக்கவே மறுத்தது. 'பாதுகாப்பு விதிமீறல்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு மெஷின் அணைந்தது. பழைய, ஓட்டை உள்ள பூட் மென்பொருளைத் தடுப்பதற்காக வந்த அப்டேட் அது. டூயல் பூட் கம்ப்யூட்டர்களைத் தொடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் தொட்டுவிட்டது.

இடப் பிரச்னையும் சாதாரணமானதில்லை. இன்றைய பெரிய கேம்களில் ஒன்றே 100 ஜி.பி.யைத் தாண்டும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யை இரண்டாகத் தடுத்தால், ஒரு பக்கம் கேமே போதும், மறுபக்கம் போட்டோக்களுக்கு இடம் இருக்காது.

ஆனால், டூயல் பூட்டைத் தோற்கடித்தது இது எதுவும் இல்லை. பழக்கம்தான். சாயங்காலம் கேம் ஆட விண்டோஸுக்குள் போனவர், ஆடி முடித்து ஒரு மெயில் பார்ப்பதற்காக மறுபடி ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வருவாரா? இங்கேயே பிரவுசர் இருக்கிறதே! மூன்றே மாதத்தில் லினக்ஸ் பக்கம், சாமான் போட்டுப் பூட்டிய அறை மாதிரி ஆகிவிடும்.

விண்டோஸுக்குக் கேமை அழைத்துவந்தவரே...

கேம் என்றால் விண்டோஸ்தான் என்ற நிலை இயற்கையாக வந்ததல்ல, கஷ்டப்பட்டு உருவாக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் நல்ல கேம்கள் எல்லாம் 'டாஸ்' என்ற பழைய கறுப்புத் திரையில்தான் ஓடின. விண்டோஸில் கேம் ஆடுவது மாட்டு வண்டியில் ரேஸ் போவது மாதிரி. விண்டோஸ் 95-ஐ வீடுகளுக்குள் கொண்டுபோக நினைத்த மைக்ரோசாஃப்டுக்கு இது பெரிய தலைவலி. 1993-ல் வெளியாகி உலகையே ஆட்டிவைத்த 'டூம்' கேமை விண்டோஸ் 95-ல் ஓடவைத்துக் காட்டினால் மற்றவர்களும் நம்பி வருவார்கள் என்று முடிவெடுத்தார்கள். அந்த வேலையை மைக்ரோசாஃப்டுக்குள் முன்னின்று நடத்தியவர் கேப் நியூவெல்.

அதே 1995-ல் 'டைரக்ட்எக்ஸ்' வந்தது. கேம் எழுதுபவர்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசுவதற்கான ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளலாம். வசதியான மொழி. ஆனால், விண்டோஸுக்கு மட்டும்தான் அது புரியும். கேம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்த மொழிக்கு மாற, ஆடுபவர்களும் பின்னாலேயே போனார்கள்.

நியூவெல் 1996-ல் மைக்ரோசாஃப்டை விட்டு வெளியே வந்து, மைக் ஹாரிங்டனோடு சேர்ந்து 'வால்வ்' கம்பெனியைத் தொடங்கினார். 1998-ல் 'ஹாஃப்-லைஃப்'. 2003-ல் 'ஸ்டீம்' என்ற ஆன்லைன் கேம் கடை. இன்று கம்ப்யூட்டர் கேம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்கும் கடை அதுதான்.

கதையின் திருப்பம் 2012-ல் வந்தது. அந்த வருடம் விண்டோஸ் 8-ஐ, அதற்குள்ளேயே ஒரு கடையோடு கொண்டுவந்தது மைக்ரோசாஃப்ட். நியூவெல் அதைக் கம்ப்யூட்டர் உலகத்துக்கே பேரழிவு என்று பகிரங்கமாகச் சொன்னார். அவர் பயம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். வாடகை இடத்தில் பத்து வருடமாக அமோகமாகக் கடை நடத்திக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்காரரே அதே கட்டடத்தில் அதே சரக்கை விற்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? சொந்தமாக இடம் பார்க்க வேண்டியதுதான். யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. லினக்ஸ். டூமை விண்டோஸுக்கு அழைத்துவந்த அதே மனிதர், கேம்களை அங்கிருந்து வெளியே கூட்டிப்போகும் வேலையில் இறங்கினார்.

முதல் முயற்சி மண்ணைக் கவ்வியது. 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது. 2015 நவம்பரில் 'ஸ்டீம் மெஷின்' என்ற பெயரில் லினக்ஸ் கேம் கம்ப்யூட்டர்களும் கடைக்கு வந்தன. யாரும் சீண்டவில்லை. ஆட கேம் இருந்தால்தானே வாங்குவார்கள்? லினக்ஸுக்கென்று தனியாக எழுதித் தாருங்கள் என்று கேட்டால், 'ஆள் இல்லாத ஊருக்கு பஸ் எதற்கு?' என்றன கேம் கம்பெனிகள். பஸ் வராத ஊருக்கு ஆள் எப்படி வருவார்கள்? இதே சுழலில் சிக்கித்தான், விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்கு மாற்றி எழுதி விற்ற 'லோகி' என்ற கம்பெனி 1998-ல் பிறந்து 2002-ல் கடையைக் கட்டியது.

டப்பிங் ஆர்ட்டிஸ்ட் வந்தார்

கேமை மாற்றி எழுத வேண்டாம், கேமுக்குத் தெரியாமலேயே ஓடவைத்துவிடலாம் என்று ஒரு கூட்டம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. 1993-ல் தொடங்கிய 'வைன்' திட்டம். குடிக்கிற வைன் இல்லை. 'வைன் என்பது எமுலேட்டர் அல்ல' என்ற ஆங்கில வாக்கியத்தின் சுருக்கம். பெயரே விளக்கமும்கூட.

எமுலேட்டர் என்றால் ஒரு மெஷினுக்குள் இன்னொரு மெஷினை நடிக்கவைப்பது. அதனால் வேகம் குறையும். வைன் செய்வது கிட்டத்தட்ட டப்பிங். தெலுங்குப் படத்தைத் தமிழில் பார்க்கிறோம். அதே நடிகர், அதே சண்டை, அதே ரயில் சீன். வசனம் மட்டும் தமிழ். விண்டோஸ் கேம் ஒன்று 'இந்த ஃபைலைத் திற', 'இந்தச் சத்தத்தைப் போடு' என்று விண்டோஸ் மொழியில் கேட்கும். வைன் அதே நொடியில் லினக்ஸ் மொழியில் சொல்லி வேலையை முடித்துக் கொடுக்கும். பிராசஸர் அதேதான், கிராஃபிக்ஸ் கார்டும் அதேதான். தான் விண்டோஸில் இல்லை என்பதே கேமுக்குத் தெரியாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், விண்டோஸ் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பது வெளியில் தெரியாது. வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து, ஆயிரக்கணக்கான கட்டளைகளுக்குச் சமமானதை ஒவ்வொன்றாக எழுதவேண்டியிருந்தது. வைனின் 1.0 பதிப்பு வந்தது 2008 ஜூனில். தொடங்கி 15 வருடம் கழித்து! அதன் பிறகும் புதிய கேம்களின் டைரக்ட்எக்ஸ் 11 கிராஃபிக்ஸில் தடுமாறிக்கொண்டிருந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் பிலிப் ரெபோல் என்ற ஜெர்மன் புரோகிராமர். 2017-ல் 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற ஜப்பானியக் கேம் கம்ப்யூட்டருக்கு வந்தது. ரெபோலுக்கு அதை லினக்ஸில் ஆட வேண்டும். ஓடவில்லை. விண்டோஸ் போட்டுக்கொண்டு ஆடியிருக்கலாம், நிறைய பேர் அதைத்தான் செய்தார்கள். அவர் டைரக்ட்எக்ஸ் மொழியை 'வல்கன்' மொழிக்கு மாற்றும் டப்பிங் கருவியை எழுத ஆரம்பித்தார். வல்கன் என்பது 2016-ல் வந்த பொது கிராஃபிக்ஸ் மொழி. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று எல்லா இடத்திலும் செல்லும். தன் கருவிக்கு ரெபோல் வைத்த பெயர் 'டி.எக்ஸ்.வி.கே.'. ஒரு கேம் ஆட வேண்டும் என்ற ஒரு மனிதரின் ஆசை, பல வருடத் தடையை உடைத்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

வால்வ் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வைன் திட்டத்தைத் தாங்கிவந்த 'கோட்வீவர்ஸ்' கம்பெனியையும் சேர்த்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டது. அதுவரை ஒரு விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓடவைக்க அரை நாள் செலவழித்தவர்கள், அன்று முதல் 'இன்ஸ்டால்' என்ற நீலப் பட்டனை அழுத்தினார்கள். அவ்வளவுதான்.

2022 பிப்ரவரியில் 'ஸ்டீம் டெக்' வந்தது. கையில் வைத்து ஆடும் கேம் கருவி. உள்ளே இருப்பது லினக்ஸ். வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது கடைக்கு வந்த அதே நாளில், பிப்ரவரி 25-ல், 'எல்டன் ரிங்' என்ற பெரிய கேமும் வெளியானது. சக்திவாய்ந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களிலும் அந்தக் கேம் நடுநடுவே திக்கியது. வால்வின் ஆட்கள் புரோட்டானில் ஒரு திருத்தம் செய்ய, லினக்ஸில் அந்தத் திக்கல் பெருமளவு குறைந்தது. அசல் படத்தைவிட டப்பிங் படம் நன்றாக ஓடிய கதை!

'தி விட்சர் 3', 'சைபர்பங்க் 2077', 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-ன் கதைப் பகுதி, 'காட் ஆஃப் வார்' எல்லாம் இன்று லினக்ஸில் ஓடுகின்றன. 'கவுன்டர்-ஸ்ட்ரைக் 2', 'டோட்டா 2', 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2', 'ஸ்டார்டியூ வேலி' போன்றவற்றுக்கு டப்பிங்கே தேவையில்லை, லினக்ஸுக்கென்றே பதிப்பு இருக்கிறது. ஸ்டீம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கில் 2025 அக்டோபரில் லினக்ஸ் முதன்முறையாக 3 சதவிகிதத்தைத் தாண்டியது. நூற்றுக்கு மூன்று பேர்தானா என்று தோன்றலாம். ஆட்களே இல்லை என்று பஸ் விடாத ஊருக்கு, இது சின்னக் கூட்டமில்லை.

பூட்டியே இருக்கும் கதவு

இவ்வளவும் கேட்டுவிட்டு, இன்றே விண்டோஸை அழித்துவிடலாம் என்று கிளம்பக் கூடாது. அதற்கு முன்பு பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 'எந்த கேம்டா ஆடுறே?'

பதில் 'வேலரன்ட்' என்றால், லினக்ஸில் ஓடாது. 'ஃபோர்ட்நைட்' ஓடாது. 'கால் ஆஃப் டியூட்டி'யின் புதிய பதிப்புகள், கம்ப்யூட்டர் 'பப்ஜி', 'இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.' ஃபுட்பால் எதுவும் ஓடாது. 'ஜி.டி.ஏ. 5' கதையாகத் தனியாக ஆடினால் ஓடும். அதே கேமை நண்பர்களோடு ஆன்லைனில் ஆடப் போனால், 2024 செப்டம்பரிலிருந்து கதவு அடைப்பு. 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' இன்னும் விசித்திரம். இரண்டு வருடத்துக்கும் மேலாக லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் கடைசி நாளில் கம்பெனியே கதவைச் சாத்திவிட்டது.

இந்தக் கேம்கள் ஓடாததற்குக் காரணம் கிராஃபிக்ஸ் இல்லை, வேகமும் இல்லை. காவல்காரர்!

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் கேம்களில் ஏமாற்றுவது பெரிய தொழில். சுவருக்குப் பின்னால் இருக்கும் எதிரியைக் காட்டும் மென்பொருள், குறி தவறாமல் சுட்டுத்தரும் மென்பொருள் எல்லாம் காசுக்குக் கிடைக்கும். இவற்றைப் பிடிக்க கேம் கம்பெனிகள் 'ஆன்டி-சீட்' என்ற காவல் மென்பொருளை வைக்கின்றன. வேலரன்டின் 'வேன்கார்டு' போன்றவை கம்ப்யூட்டரின் ஆழமான அடுக்கான 'கெர்னல்' வரை போய் உட்கார்ந்துகொள்ளும். வேன்கார்டு, கேம் ஆடும்போது மட்டுமல்ல, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே எழுந்துவிடும். வீட்டுச் சாவிக் கொத்து முழுவதையும் காவல்காரரிடம் கொடுத்துவிடுவது மாதிரி.

விண்டோஸின் கெர்னலை நாம் திறந்து மாற்ற முடியாது, அதனால் காவல்காரருக்கு அங்கே நிம்மதி. லினக்ஸின் கெர்னலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், தானே தயாரித்தும் கொள்ளலாம். முப்பது வருடமாக லினக்ஸின் பெருமையே அதுதான். வீட்டுச் சுவரையே இடித்துக் கட்ட உரிமை உள்ளவர் வீட்டில் எப்படிக் காவல் இருப்பது என்கின்றன கேம் கம்பெனிகள். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஏமாற்றுக்காரனிடம் பத்து முறை தோற்றுப்போன பிள்ளையிடம் கேட்டால் தெரியும்.

ஆனால், முழு நியாயம் இல்லை. 'ஈஸி ஆன்டி-சீட்', 'பேட்டில்ஐ' என்ற இரண்டு பெரிய காவல் மென்பொருள்களும் 2021-லேயே புரோட்டானில் வேலை செய்யத் தயாராகிவிட்டன. கேம் கம்பெனி சம்மதித்தால் போதும். எல்டன் ரிங்கில் இருப்பதும் ஈஸி ஆன்டி-சீட்தான், ஓடுகிறதே! அந்த ஈஸி ஆன்டி-சீட்டின் சொந்தக்காரர் யார்? ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ். மற்றவர்களுக்குச் சாவி செய்து கொடுக்கிறது, தன் கதவை மட்டும் திறப்பதில்லை. நூற்றுக்கு மூன்று பேருக்காக எதற்கு மெனக்கெட வேண்டும் என்ற கணக்கும் இதில் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

கெர்னல் வரை ஒருவரை அனுமதிப்பதில் உள்ள ஆபத்தை உலகம் 2024 ஜூலை 19-ல் பார்த்தது. 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் ரத்தாயின. அது கேம் சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் அந்த மென்பொருள் உட்கார்ந்திருந்தது இதே அடுக்கில்தான். அப்பா பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில், மகன் ஆடும் ஒரு கேமுக்காக இந்த அளவு சாவியைக் கொடுக்கலாமா என்பதை அந்தந்த வீட்டில்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். நண்பர்கள் எல்லோரும் தினமும் ராத்திரி வேலரன்டில் கூடுகிறார்கள் என்றால், 'லினக்ஸ் நல்லதுடா' என்று சொல்லி அந்தப் பிள்ளையைத் தனியாக உட்காரவைப்பதும் சரியில்லை. அந்த வீட்டுக்கு விண்டோஸ் வேண்டும். டூயல் பூட்தான் ஒரே வழி என்றால், ஒரே டிஸ்க்கைத் தடுக்காமல் இரண்டாவது எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டுத் தனிக்குடித்தனம் வைத்துவிடுவது நல்லது. சண்டை குறையும்.

வீட்டில் இறங்கும் முன்...

வேறு கேம்கள்தான் என்றால், 'புரோட்டான்டிபி' என்ற தளத்தில் கேமின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். லினக்ஸில் ஆடிப் பார்த்தவர்களே எழுதி வைத்திருக்கும் அனுபவங்கள் அங்கே இருக்கும். 'பிளாட்டினம்', 'கோல்டு' என்றால் தைரியமாக இறங்கலாம். மைன்கிராஃப்ட் ஆடும் குட்டீஸ் உள்ள வீடுகளுக்கு ஒரு குறிப்பு: 'ஜாவா எடிஷன்' லினக்ஸில் நேராகவே ஓடும். 'பெட்ராக்' என்ற இன்னொரு பதிப்புக்கு அதிகாரபூர்வ லினக்ஸ் வழி இல்லை. 'ரோப்ளாக்ஸ்' கம்பெனியும் லினக்ஸுக்குத் தருவதில்லை.

பழகாதவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' வசதி. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், அம்மா அப்பாவுக்குக் குழப்பம் வராது. கேம்தான் முக்கிய வேலை என்றால் 'பஸைட்' இருக்கிறது. மின்ட்டை பென் டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, பிரின்டர் மூன்றையும் அப்போதே சோதித்துவிட வேண்டும். டேலி, போட்டோஷாப் போன்றவற்றில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது, அது வேறு கதை.

ஏ.எம்.டி., இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கும். என்விடியா என்றால் மின்ட்டின் 'டிரைவர் மேனேஜர்' மூலமாகத் தனியாகப் போட வேண்டும். 2012-ல் ஃபின்லாந்தில் ஒரு மேடையில், கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார் லினஸ் டோர்வால்ட்ஸ். அந்த அளவுக்கு அன்று தகராறு. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப்புக்கு இளமை திரும்பும், ஆனால் அது கேம் லேப்டாப் ஆகிவிடாது. டி.எக்ஸ்.வி.கே.யின் இப்போதைய பதிப்புகளுக்கு வல்கன் 1.3 தேவை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, 2013-14 காலத்து நான்காம் தலைமுறை இன்டெல் மெஷின்களில் அது இல்லை. அவற்றில் பழைய கேம்களும், 'சூப்பர்டக்ஸ்கார்ட்' போன்ற இலவச லினக்ஸ் கேம்களும் ஆடலாம். விண்டோஸில் ஓடத் திணறிய கேம் லினக்ஸில் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஸ்டீமை இன்ஸ்டால் செய்து உள்ளே நுழைந்ததும் வாங்கிய கேம்கள் வரிசையாக நிற்கும். ஏதாவது ஒன்றுக்கு இன்ஸ்டால் பட்டன் வரவில்லை என்றால், கேமின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'கம்பாட்டிபிலிட்டி' என்ற இடத்தில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல் முறை திறக்கும்போது 'வல்கன் ஷேடர்ஸ்' என்று ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடக் கூடாது, படங்களை முன்கூட்டியே தயார் செய்துவைக்கிறது. எபிக் கடையில் வாங்கிய கேம்களுக்கு 'ஹீரோயிக்' என்ற இலவச மென்பொருள் உண்டு. பழைய விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கும் கேம் ஃபோல்டரை அப்படியே லினக்ஸிலிருந்து ஓடவைக்க முயன்றால் சிக்கல்தான் வரும், லினக்ஸ் டிஸ்க்கில் புதிதாக இறக்கிக்கொள்வதே மேல்.

கடைசியாக, வீட்டில் அழுகைச் சத்தம் கேட்காமல் இருக்க ஒரு வேலை. விண்டோஸை அழிப்பதற்கு முன்பு சேவ் ஃபைல்களை எடுத்து வைத்துவிட வேண்டும். ஆறு மாதமாக ஆடி முக்கால்வாசி முடித்த கேம் முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் லினக்ஸை மன்னிக்காது. பல கேம்களின் சேவ் ஃபைலை ஸ்டீம் தன் கிளவுடில் தானாகவே வைத்துக்கொள்ளும். கேமின் பக்கத்தில் மேகப் படம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இல்லாதவற்றுக்கு விண்டோஸின் 'டாக்குமென்ட்ஸ்', 'ஆப்டேட்டா' ஃபோல்டர்களில் கேமின் பெயரைத் தேடி, பென் டிரைவில் காப்பி செய்துகொள்ள வேண்டும். லினக்ஸில் அதே கேமை ஒருமுறை திறந்து மூடியதும், ஸ்டீம் ஃபோல்டருக்குள் 'கம்பாட்டேட்டா' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்குள் போனால், கேமை நம்பவைப்பதற்காகவே புரோட்டான் கட்டிவைத்த ஒரு குட்டி 'சி டிரைவ்' இருக்கும், அதே டாக்குமென்ட்ஸ், அதே ஆப்டேட்டாவோடு. பென் டிரைவில் இருப்பதை அந்தந்த இடத்தில் போட்டுவிட்டு, கேமைத் திறந்து 'கன்டினியூ' வருகிறதா என்று பார்த்த பிறகு விண்டோஸை அழித்தால் போதும்.